புத்தகத்தைத் தொட்டால் வந்த தூக்கம்

எட்டாம் வகுப்பிலிருந்தே எங்கள் வீட்டில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். புத்தகத்தை விரித்து இருபது நிமிடம் ஆனால் போதும், கண் எரியும், இமை கனக்கும், கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அம்மா, "டிவி பாக்கும்போது வராத தூக்கம் புத்தகத்தைத் தொட்டா மட்டும் எங்க இருந்துடி வருது?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான், என்னிடம்தான் பதில் இல்லை. டிவி பத்தடி தள்ளி இருந்தது, புத்தகம் ஒரு முழத்துக்குள் இருந்தது, விஷயமே அதில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியவர 24 வயது ஆனது.

அதுவரைக்கும் நான் சோம்பேறி என்றே நம்பியிருந்தேன். மற்றவர்கள் சொன்னதால் மட்டும் இல்லை, எனக்கே அப்படித்தான் தோன்றியது. படிக்க ஆசை இருக்கிறது, உட்காருகிறேன், அரை மணி நேரத்தில் ஒரே வரியை நான்காவது முறை வாசித்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் என்னவென்று நினைப்பது?

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்து, வலது கண் தலையணைக்குள் புதையும்படி கன்னத்தை அழுத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் படிப்பேன். அப்படிப் படித்தால் எழுத்து ஆடாது. ஏன் ஆடவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "ஒழுங்கா உக்காந்து படி, படுத்துக்கிட்டுப் படிச்சா கண்ணு கெட்டுப்போகும்" என்று அப்பா அதட்டுவார், எழுந்து உட்காருவேன், எழுத்து மறுபடி நீந்த ஆரம்பிக்கும். வகுப்பில் உட்கார்ந்திருந்தால் உள்ளங்கையை நெற்றியில் ஊன்றுகிற மாதிரி வைத்து வலது கண்ணை மூடிக்கொள்வேன். ஊசியில் நூல் கோர்க்கவும் ஒற்றைக் கண்தான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

கல்லூரி முடித்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை முற்றியது. திருமங்கலத்திலிருந்து காலையில் பஸ் ஏறி மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன், நாள் முழுக்க அங்கேதான். காலை பத்து மணிக்கு எழுத்து தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு வரிக்கும் மங்கலான ஒரு நிழல் வரி முளைக்கும், அது மெல்ல நகர்ந்து பக்கத்து வரியின் மேல் ஏறும், கண்ணைக் கசக்கினால் ஒரு நொடி சேர்ந்துகொள்ளும், மறுபடி பிரியும். சாயங்காலம் புருவத்துக்கு மேலே கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி. பக்கத்து மேஜையில் ஒரு பெண் ஏழு மணி நேரம் அசையாமல் படிப்பதைப் பார்க்கும்போது அழுகை வரும்.

முதல் முறை எழுதிய முதல்நிலைத் தேர்வைச் சொல்ல வேண்டும். 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், தவறாக நிரப்பினால் அழிக்க வழி கிடையாது. இரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும். 163-வது கேள்விக்கு விடை நிரப்பப் போனால் அந்த வரிசையில் ஏற்கெனவே ஒரு வட்டம் கறுப்பாக இருக்கிறது. எங்கோ நடுவில் ஒரு வரிசை தாண்டிப் போயிருக்கிறேன், அதன்பின் வந்த விடைகள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. எங்கே தாண்டினேன் என்று மேலே தேடிப் போகிறேன், வட்டங்கள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன. கண்காணிப்பாளர் அருகில் வந்து "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கண்ணைக் காட்டாமல் ஒன்றும் இல்லை. அதற்குள் மூன்று இடங்களில் காட்டியிருந்தேன். மூன்று இடத்திலும் அதே சோதனை: ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் இருக்கிற எழுத்தை வாசி, அப்புறம் மறு கண்ணை மூடிக்கொண்டு வாசி. கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் வாசித்தேன். 6/6, பவர் இல்லை, நரம்பு நன்றாக இருக்கிறது, மொபைலைக் குறைத்துக்கொள், கண் உலர்ந்திருக்கிறது, இந்தச் சொட்டு மருந்தைப் போடு. ஒரு இடத்தில் "படிப்பு டென்ஷன்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அவர்கள் சோதித்ததில் எந்தத் தவறும் இல்லை, என் கண்கள் தனித்தனியாக உண்மையிலேயே நல்ல கண்கள்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, அதுவும் புத்தகம் இருக்கிற தூரத்தில், "ரெண்டும் சேர்ந்து வேலை பார்க்குதா" என்று யாரும் பார்க்கவில்லை. நானும் ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்ற ஒன்றை அவர்களிடம் சொன்னதில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி இருந்தால், டாக்டரிடம் முதலில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

கண்டுபிடித்தது என் தோழியின் தங்கை. கண் பார்வையைச் சோதிக்கிற படிப்பான ஆப்டோமெட்ரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் தேர்வுக் கதையைச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, "அக்கா, இந்த நுனியை மட்டும் பாருங்க, ரெண்டா தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்று என் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தாள். நான் "ரெண்டு" என்று சொன்னபோது பேனா முகத்திலிருந்து நல்ல தூரத்தில் இருந்தது. அவள் சொன்னாள்: "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்கா. உங்க வலது கண்ணு வெளிப்பக்கமா விலகிப் போச்சு." என் தோழியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்க வைத்தாள். அவளும் பார்த்தாள். பத்து வருடமாக எனக்குள் மட்டும் நடப்பதாக நினைத்த ஒன்றை வெளியிலிருந்து இரண்டு பேர் கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

அவள் சொன்னபடி, இருகண் பார்வையைத் தனியாகச் சோதிக்கிற ஒரு மருத்துவமனைப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஸ்கேலை மூக்கின் அருகே வைத்து அளந்தார்கள். பொருள் 19 சென்டிமீட்டருக்கு வரும்போதே எனக்கு இரண்டாகிவிடுகிறது. சராசரி ஆளுக்கு ஆறு சென்டிமீட்டர் வரைக்கும் ஒன்றாக இருக்கும். ப்ரிசம் கண்ணாடிகளை வரிசையாகக் கண் முன் நகர்த்தி, கண் எவ்வளவு தூரம் உள்நோக்கித் திரும்பித் தாங்குகிறது என்று பார்த்தார்கள், அதிலும் நான் சீக்கிரமே கைவிட்டுவிட்டேன். நோயின் பெயர் கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி. தமிழில் சொல்வதானால், கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் போதுமான அளவு உள்நோக்கிக் குவியாத குறை. மாறுகண் மாதிரி வெளியே தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, தூரத்தைப் பார்க்கிறபோது கண் நேராகத்தான் இருக்கும்.

அன்று ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார்கள். 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். பெரியவர்களுக்கு 21-ஐத் தொட்டால் அறிகுறி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னுடையது 38. படிக்கும்போது எழுத்து நகர்கிற மாதிரி, மிதக்கிற மாதிரித் தெரிகிறதா? இடத்தைத் தவறவிடுகிறீர்களா? ஒரே வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறதா? படித்தது நினைவில் நிற்கச் சிரமமாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வரிசையிலேயே இன்னொரு கேள்வியும் இருந்தது: படிக்கும்போது தூக்கம் வருகிறதா? அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் அது என் குணம். இந்தத் தாளில் அது ஒரு அறிகுறி.

எப்படி நடக்கிறது இது என்று அங்கே கண் பயிற்சி கொடுக்கிற தெரபி மேடம் பொறுமையாக விளக்கினார். தூரத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஏறக்குறைய இணையாக இருக்கும். கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும், அதே நொடியில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் தடித்துக் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும், கண்ணின் பாப்பாவும் சுருங்கும். மூன்றும் ஒரே கட்டளைக்குக் கீழே நடக்கிற வேலை. எனக்குக் கண் வெளிப்பக்கம் போகவே பார்க்கிறது, மூளை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு பக்கம் படிப்பதற்குள் அந்த இழுபறி எத்தனை முறை நடக்கிறதோ, அந்தக் களைப்புதான் தூக்கமாக, தலைவலியாக வருகிறது. "அப்போ என் கண் தசை வீக்கா மேடம்?" என்று கேட்டேன். இல்லை என்றார். கண்ணை நகர்த்தத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு பலம் அந்தத் தசைக்கு ஏற்கெனவே இருக்கிறதாம். பழக வேண்டியது கட்டளை கொடுக்கிற மூளை. ஜிம்முக்குப் போவது மாதிரி இல்லை, சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரி என்றார். இந்த ஒரு விளக்கம் கிடைத்ததால்தான் பிறகு வந்த சலிப்பான மாதங்களை என்னால் தாண்ட முடிந்தது.

சிகிச்சை என்பது கண் பயிற்சிதான். வாரத்துக்கு இரண்டு சிட்டிங், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், மூன்று மாதம். வீட்டில் தினமும் 15 நிமிடம்.

முதல் நாள் கொடுத்தது ஒரு கயிறு. வெள்ளைக் கயிறு, அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள். பிராக் ஸ்ட்ரிங் என்று பெயர், ஃபிரெடரிக் பிராக் என்ற ஆப்டோமெட்ரிஸ்ட் உண்டாக்கியது. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு மணியைப் பார்த்தால் மணி ஒன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கயிறு இரண்டாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு கயிறு கிளம்பி, சரியாக மணியில் வந்து குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அது தப்புக்குத் தகுந்த மாதிரி தெரிந்தது. கிட்ட இருக்கிற மணியைப் பார்க்கச் சொன்னால் மணியே இரண்டாகிவிடும், கயிறு இரண்டும் மணியைத் தாண்டிப் பின்னால் எங்கோ சந்திக்கும், அதாவது என் கண்கள் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது அங்கேதான். இன்னும் சிரமப்பட்டால் ஒரு கயிறு அப்படியே காணாமல் போய்விடும். இரண்டு படத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் மூளை வலது கண் அனுப்புவதை அணைத்துவிடுகிறது என்று மேடம் சொன்னார். தலையணைக்குள் வலது கண்ணைப் புதைத்துக்கொண்டு நான் செய்துவந்ததும் இதேதான். இந்தக் கயிறுமாதிரி நேர்மையான கருவி ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு கண்ணும் இந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்று, வேறு யாரும் சொல்லாமல், நமக்கே காட்டிவிடுகிறது.

முதல் மூன்று வாரம் கொடுமைதான். தலைவலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. தெரபி முடிந்து பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பஸ் பெயர்ப்பலகையைப் பார்க்கவே குமட்டும். விட்டுவிடலாம் என்று இரண்டு முறை முடிவெடுத்தேன். நான்காவது வாரம் ஒரு நாள், வீட்டில், காலையில், கிட்ட இருந்த சிவப்பு மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு சிவப்பும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன, கயிறுகள் மணிக்குள் வந்து புகுந்தன. கண்ணுக்குள் ஏதோ மெல்ல உள்நோக்கி இழுபடுவது எனக்கே தெரிந்தது. அந்த உணர்வைத்தான் பிடிக்க வேண்டுமாம். அதைப் பிடித்துவிட்டால் பிறகு வேண்டும்போது வரவழைக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு அட்டையில் ஒருபுறம் சிவப்புப் பீப்பாய்கள், மறுபுறம் பச்சை. அட்டையை மூக்கோடு நெடுக வைத்துக்கொண்டு முதலில் தூரத்துப் பீப்பாயில் சிவப்பும் பச்சையும் கலந்து ஒன்றாகிற வரைக்கும் பார்க்க வேண்டும், அப்புறம் நடுவில் இருப்பது, கடைசியாக மூக்குக்குக் கிட்ட இருப்பது. கைப்பிடியில் இரண்டு ஜோடி லென்ஸ் பொருத்திய ஃபிளிப்பர் என்று ஒன்று: ஒரு பக்கம் பிளஸ், மறு பக்கம் மைனஸ், திருப்பித் திருப்பி வைத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மங்கி, பிறகு தெளியும். நிமிடத்துக்கு எத்தனை முறை தெளிய வைக்க முடிகிறது என்று எண்ணுவார்கள். எனக்குப் பிடித்தது சிவப்பு-பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்கிற பயிற்சி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தாள், அவற்றை மெல்ல எதிரெதிராக நகர்த்துவார்கள், படம் ஒன்றாகவே இருக்கும்படி கண்ணைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கண் உள்நோக்கித் திரும்பத் திரும்ப அந்தப் படம் சிறியதாகி, தாளை விட்டு எழுந்து, என்னை நோக்கி அந்தரத்தில் மிதந்து வரும். உண்மையில் தாள் என் பக்கம் வரவே இல்லை, படத்தின் அளவும் மாறவில்லை. கையை நீட்டித் தொடப் போனேன். "எல்லாரும் தொடப் பாப்பாங்க" என்று மேடம் சொன்னார்.

இந்த வயதில் மூளை மாறுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. சூசன் பேரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியரைப் பற்றி அப்போதுதான் படித்தேன். குழந்தையிலிருந்தே மாறுகண், அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் ஆழம் தெரியாத தட்டையான உலகம், 48 வயதில் இதே மாதிரிப் பயிற்சி செய்து முப்பரிமாணத்தில் பார்க்க ஆரம்பித்தார். அவர் செய்த பயிற்சிகளிலும் இந்த மணிக் கயிறு இருந்தது. என் குறை அவருடையதில் ஒரு துளி. அவ்வளவு காலம் கழித்து அவருக்குக் கிடைத்தது என்றால் 24 வயதில் எனக்கு என்ன தடை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இது உண்மையிலேயே வேலை செய்கிற சிகிச்சையா, இல்லை என் மனப்பிரமையா? நான் கணக்குப் பாடம் படித்தவள், எனக்கு எண்கள் வேண்டும். தேடிப் படித்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரை உள்ள 221 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. தெரபிஸ்ட் முன்னால் பயிற்சி, கூடவே வீட்டுப் பயிற்சி என்று செய்தவர்களில் 73 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது நல்ல முன்னேற்றம் கண்டார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்க்கிற பயிற்சியை மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். கம்ப்யூட்டர் பயிற்சியும் பென்சிலும் சேர்த்து வீட்டிலேயே செய்தவர்களில் 33. நான்காவது குழுவுக்குத் தெரபி மாதிரியே தோற்றமளிக்கிற, ஆனால் கண்ணைக் குவியப் பழக்காத போலிப் பயிற்சி கொடுத்தார்கள், அதில் 35. கடைசி எண்ணைக் கவனியுங்கள். எதுவும் செய்யாமலே, யாரோ அக்கறையாகக் கவனித்தாலே, மூன்றில் ஒருவருக்குத் தேவலை என்று தோன்றியிருக்கிறது. ஆனால் 35-க்கும் 73-க்கும் நடுவில் இருக்கிற தூரம் மனப்பிரமை இல்லை.

அது சிறுவர்களுடைய கணக்கு. என் வயதுக்காரர்களிடம் செய்தது 2005-ல் வந்தது, 19 முதல் 30 வயது வரை, 46 பேர் மட்டும். முறையான தெரபி எடுத்தவர்களுக்குப் பொருள் இரண்டாகிற தூரம் சராசரியாக 12.8 சென்டிமீட்டரிலிருந்து 5.3-க்கு இறங்கியது, மற்ற இரண்டு குழுவிலும் அப்படி மாறவில்லை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அதே தெரபிக் குழுவில் அந்தக் கேள்வித்தாளில் 21-க்குக் கீழே இறங்கியவர்கள் 42 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது, ஆனால் மிச்சம் இருந்தது. எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பெரியவர்களிடம் செய்த ஆய்வு இவ்வளவு சிறியதாக இருப்பது எனக்கு வருத்தம். நாள் முழுக்கத் திரையையும் தாளையும் பார்த்துப் பிழைப்பு நடத்துகிற வயது இதுதானே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விஷன் தெரபி என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள். கண்ணாடியே வேண்டாம், பவர் போய்விடும் என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்வது வேறு, இது வேறு. கிட்டப்பார்வை பவரை எந்தக் கண் பயிற்சியும் இறக்காது. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்குக் கண் பயிற்சி கொடுத்தால் படிப்பு வந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-லேயே சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. என்னுடைய அதே குறை இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரபி கொடுத்து, படித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறதா என்று 311 பேரிடம் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. போலிப் பயிற்சி எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. ஆக, இந்தத் தெரபி இரண்டு கண்ணையும் ஒரே இடத்தில் நிறுத்தப் பழக்கும், அவ்வளவுதான். யாராவது அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒவ்வொரு மாதமும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக் கொடுத்தார்கள். 19, அப்புறம் 13, அப்புறம் 9, கடைசியில் 6. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரட்டையாகத் தெரிகிறது என்றாலே நீங்களாகப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். நேற்றுவரை இல்லாமல் திடீரென்று இரட்டையாகத் தெரிந்தால், இமை தொங்கினால், தலையில் அடிபட்டபின் வந்தால், ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவே தெரிந்தால், அது உடனே டாக்டர் பார்க்க வேண்டிய வேறு விஷயம். எனக்கும் தெரபிக்கு முன்னால் கண் டாக்டர் நரம்பு, விழித்திரை எல்லாம் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன் இல்லையா, அது எவ்வளவு தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, நகரத்திலும் கிராமத்திலுமாக 7 முதல் 17 வயது வரை உள்ள 920 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. மாறுகண் இல்லாத, ஆனால் இருகண் ஒருங்கிணைப்பில் ஏதோ ஒரு குறை இருந்தவர்கள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். அதில் அதிகம் பேருக்கு இருந்தது என்னுடைய குறைதான், ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளைக்கு. அத்தனை பேருக்கும் சிகிச்சை தேவைப்படும் என்று சொல்ல மாட்டேன், தொந்தரவே இல்லாதவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் அறுபது பேர் இருக்கிற ஒரு வகுப்பில் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதில் எத்தனை பேர் கடைசி பெஞ்சில் கன்னத்தில் கை ஊன்றி, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ. பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அந்த எழுத்துப் பலகையோடு ஒரு பேனாவையும் எடுத்து மூக்குவரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது. இது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

இப்போது தொடர்ச்சியாக ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் படிக்கிறேன். உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு. கேள்வித்தாளில் 38 இருந்தது 17-க்கு வந்திருக்கிறது. உடம்புக்கு முடியாத நாளிலும், ராத்திரி பத்து மணிக்கு மேலும் நிழல் வரி எட்டிப் பார்க்கும், புத்தகத்தை மூடிவிடுவேன். அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓஎம்ஆர் தாளில் கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்புகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

கயிறு இன்னும் ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறது, வாரத்துக்கு இரண்டு நாள் எடுத்துப் பார்ப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மல்லிகைப் பூ கட்டி முடித்துவிட்டு, நார் ஒட்டியிருந்த கையோடு வந்து ஜன்னல் பக்கம் நின்று, "அப்படி என்னதான் தெரியுது இதுல" என்று கயிற்று முனையை எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டார். மஞ்சள் மணியைப் பாருங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பதறிப்போய், "எனக்கு ரெண்டு கயிறு தெரியுதுடி" என்றார்.

"மணி எத்தனைம்மா?"

"மணி ஒண்ணுதான்."

"அப்படித்தாம்மா தெரியணும்" என்றேன். அம்மா கயிற்றை மூக்கிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். "உனக்கு இது இத்தனை வருஷமா தெரியலையா?" என்று கேட்டார்.